சட்டைப் பையில் ஃப்யூஸ்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெயரை எந்த இடத்தில் எழுதலாம், எந்த இடத்தில் எழுதக்கூடாது என்பதில் அவர் மிகவும் கறாரானவர். அந்தக் கறாரில் வசமாக மாட்டிக்கொண்டவன் நான். இத்தனை வருஷம் கழித்து அவரோடு மறுபடி ஒரு தகராறு வேண்டாம். ஊரே கூப்பிட்டதுபோல பாய் என்றே சொல்லிவிடுகிறேன்.

பாய் ஒரு வயர்மேன். லௌட்டோகாவை ஒட்டிய நடபுவாவில் வீடு. அவருடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் மதராஸில் ஒரே கப்பலில் ஏறி, ஃபிஜிக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் கப்பல் உறவு என்றால் ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. அவர் பள்ளிவாசலுக்குப் போவார், நான் மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், கல்யாணம் காரியம் என்றால் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தலில் நிற்போம். காக்கிச் சட்டை, தேய்ந்த பூட்ஸ், காதில் ஒரு பென்சில். அவர் நடந்து வரும்போது சட்டைப் பையிலிருந்து டிணுக் டிணுக் என்று ஒரு சத்தம் வரும். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் அது.

யாராவது ஒயரைத் தொட வேண்டும், அல்லது ஒயருக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏற வேண்டும் என்றால் பாய் முதலில் மெயின் பலகைக்குப் போவார். ஸ்விட்சை இறக்குவார். ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். "ஸ்விட்ச்ச எவன் வேணா தூக்கி உட்டுடலாம். எம் பையில எவனும் கைய உட முடியாது" என்பார். அதைத் திரும்ப மாட்டுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஏறியவன் இறங்கி வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, இறங்கிவிட்டேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் அண்ணன் வந்து சொன்னால் செல்லாது. அவனுடைய முதலாளி சொன்னால் செல்லவே செல்லாது. இதனால் கல்யாணப் பந்தலில் பிரியாணி சாப்பிடும்போதுகூட யாரோ ஒருவருடைய வீட்டுக் கரண்ட் அவர் பையில் இருக்கும். பை கிழிந்து கிழிந்து, கடைசியில் அவர் மனைவி எல்லாச் சட்டைகளுக்கும் கித்தான் துணியில் பை தைத்துக் கொடுத்துவிட்டார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில் எனக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை. அப்போது எனக்கு முப்பது வயது. சர்க்கரை மில்லில் கரும்பு எடை எழுதும் குமாஸ்தா. ஆங்கிலம் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆங்கிலம் தெரிவது ஒரு காய்ச்சல் மாதிரி. வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அவஸ்தை. எங்கள் ஊர்ச் சங்கம் கோயிலுக்குப் பக்கத்து நிலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் கட்ட ஆரம்பித்தது. கரும்பு விவசாயிகள் ஞாயிறுதோறும் வந்து கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். அண்ணன், மாமன், சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். முதலாளி என்று மட்டும் யாரும் இல்லை. கட்டடக் கமிட்டிக்கு நான் செகிரட்டரி. திறப்பு விழாவில் வைக்கப்போகும் சலவைக்கல்லில் என் பெயர் எத்தனையாவது வரியில் வரும் என்பதை, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கட்டட வேலைக்குத் தற்காலிகமாகக் கரண்ட் வாங்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில், இந்த இடத்துக்குப் பொறுப்பானவர் என்று ஒரு வரி. சங்கத் தலைவர் நாற்பது ஏக்கர் கரும்பை அடக்கி ஆள்பவர், ஆனால் ஆங்கிலக் காகிதத்தைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல விலகிக்கொள்வார். அவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் மூன்று சுழி போட்டுக் கையெழுத்திட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

"படிச்சிட்டுத்தான போட்ட, செகிரட்டரி?" என்று கேட்டார் பாய்.

படித்தேன் என்றேன். படிக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து அவரே சொல்லத் தொடங்கினார். கட்டடம் கட்டும் இடத்தில் கரண்ட் இருந்தால் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான், யார் என்று. அறுந்த ஒயரை மாற்றாமல் ஓட்டியது யார், மெஷினுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டது யார், விவரம் தெரியாதவனைக் கிட்டே விட்டது யார், ஒருத்தனுக்கு ஷாக் அடித்தால் அதை மறைக்காமல் ஆபீசுக்கு எழுத வேண்டியது யார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, "இம்மா எடத்துலயும் நீ கையெழுத்து போட்டுகீற" என்று முடித்தார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். இதற்கு எதற்குடா சிரிக்கிறாய் என்று அக்கா கேட்டாள்.

வேலைக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போடும் பெண்களுக்கு அக்காதான் தலைவி. பாய் பலகையை மாட்டி முடித்ததும், மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று முதலில் அழைத்துப்போய்க் காட்டியது அந்தப் பெண்களுக்குத்தான். யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் கத்தாதீர்கள், ஓடாதீர்கள், அந்த ஆளைத் தொடாதீர்கள், இதைக் கீழே இழுங்கள் என்று ஒவ்வொருத்தியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அடுப்படிக்கு எதற்கு ஐயா மெயின் ஸ்விட்ச் என்று நான் கிண்டல் செய்தேன். ஆம்பிளைகள் எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள், பெண்கள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார் பாய். யங்கோனா வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒருமுறை அவர் ஃப்யூஸோடு தலைநகரம் சுவாவுக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் தச்சர் கூரைமேல் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். கூரைக்குப் பக்கத்தில் ஒயர் போனதால் பாய் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, சுவா ஆஸ்பத்திரியில் இருந்த அவர் தங்கைக்கு உடம்பு மோசம் என்று செய்தி வந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை தலைவர் என்னை அனுப்பினார். மண் ரோட்டில் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி, புழுதியில் குளித்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஃப்யூஸைக் கொடுங்கள் என்றேன்.

"தச்சரு சொன்னாரா, நீ சொல்றியா?"

நான்தான் சொல்கிறேன், நான் செகிரட்டரி அல்லவா என்றேன். பாய் எழுந்து வார்டுக்குள் போனார். தங்கைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொழில் கற்ற காலத்தில் தன்னோடு ஒரு கூட்டாளி இருந்ததைச் சொன்னார். இருவரும் ஒரே ஏணியில் மாறி மாறி ஏறுவார்களாம். ஒருநாள் கீழே இருந்த ஒருவர், அவன் இறங்கிவிட்டான், கரண்ட் விடலாம் என்று குரல் கொடுத்தார். பாய் விட்டார். கூட்டாளி இறங்கியிருக்கவில்லை, திருப்புளியை எடுக்கத் திரும்ப ஏறியிருந்தான்.

"சொன்னவரு பொய்க்காரரு இல்ல. நல்ல மனுசன்தான்" என்றார் பாய்.  மறுநாள் என்னோடு அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்து, காலியாக இருந்த கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தச்சரை வீட்டிலிருந்து வரவழைத்து, வெள்ளிக்கிழமையே இறங்கிவிட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்து, அதற்குப் பிறகுதான் ஃப்யூஸை மாட்டினார். தச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தாழ்வாரத்தில் அவர் சொன்னதைக் கேட்ட பிறகும் நான் சிரித்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் தீமிதித் திருவிழாவும் எங்கள் கான்கிரீட் வேலையும் ஒரே சமயத்தில் வந்தன. காப்புக் கட்டியவர்கள் பத்து நாளும் கோயிலிலேயே தங்குவார்கள். காலில் செருப்புப் போட மாட்டார்கள். குளித்துவிட்டு ஈர மஞ்சள் வேட்டியோடு இருப்பார்கள். அக்காவின் கணவரும், அதாவது மாமாவும், அதில் ஒருவர். கலவை மெஷின் பக்கம் வருகிறவர்கள் பூட்ஸ் போட வேண்டும் என்பது பாயின் விதி. விரதக்காரர்களோடு அவர் வாதாடவில்லை. அம்மாவுக்கு வேண்டிக்கொண்டவர்களின் காலில் பூட்ஸ் மாட்டச் சொல்ல நான் யார், அவர்கள் அந்தப் பக்கம் செங்கல் எடுத்துக் கொடுக்கட்டும், மெஷின் கிட்டே விடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை என்று என்னிடம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம், மெஷினில் கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயர் அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கடை மூடியாகிவிட்டது. ஞாயிறு அவர் குடும்பத்தில் நிக்காஹ். திங்கட்கிழமை வந்து புது ஒயர் மாட்டுகிறேன், அதுவரை மெஷின் ஓடக்கூடாது என்று சொல்லி, ஃப்யூஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை முப்பது பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். மணல் தயார், ஜல்லி தயார். மலைப்பக்கம் மழை கட்டிக்கொண்டிருந்தது. தலைவர் அத்தனை பேர் முன்னிலையில் என்னைப் பார்த்து, "கையெழுத்து நீதானப்பா போட்ட? ஒரு மெஷின ஓட வைக்க உன்னால ஆவலியா?" என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் அசைந்திருக்க மாட்டேன். பாய் செய்வதை நூறு தடவை பார்த்தவன் என்ற தைரியத்தில், ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை வளைத்துக் கட்டி, ஸ்விட்சைத் தூக்கிவிட்டேன். மெஷின் உருண்டது. கை தட்டினார்கள். பலகைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா குளித்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்தார். ஈர வேட்டி, வெறுங்கால், தண்ணீர் தேங்கிய தரை. கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் நேராக மெஷினிடம் போனார். நான் தடுப்பதற்குள் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் நான் தடுக்கவே இல்லை. மாமா மெஷினின் இரும்புச் சக்கரத்தைப் பிடித்தார். அவர் உடம்பு விறைத்து நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டியது. கண் மேலே செருகியது.

"அம்மா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள்.

காப்புக் கட்டிய ஆள், மஞ்சள் வேட்டி, நடுக்கம். எங்கள் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் எடுக்கக் கோயிலுக்கு ஓடினார். நானும் இரண்டு கையையும் கூப்பினேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருந்தது. சட்டத்தின் முன்னால் பொறுப்பானவன், ஆங்கிலம் தெரிந்தவன், கண்ணை மூடிக்கொண்டு என் மாமாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். மாமா ஈரச் சாக்குபோலச் சரிந்து விழுந்தார்.

உயிர் போகவில்லை. இரண்டு உள்ளங்கையும் வெந்து, நாலு நாள் லௌட்டோகா ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வருஷம் அவர் தீ மிதிக்கவில்லை. அருள் வந்தால் இவர் சத்தம் போடுவார், அன்றைக்குச் சத்தமே வரவில்லை, அதனால்தான் சந்தேகம் வந்தது என்று அக்கா பிற்பாடு மற்றவர்களிடம் சொன்னாளாம். என்னோடு அவள் பேசவில்லை.

சாயங்காலம் பாய் நிக்காஹ் வீட்டிலிருந்து வெள்ளை ஜிப்பாவோடு வந்தார். அந்த ஜிப்பாப் பையிலும் டிணுக் டிணுக் கேட்டது. செம்புக் கம்பியைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டார். தலைவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். அம்மா வந்தாள், ஆள் விழுந்தார், இதை எந்த ஆபீசுக்கு எழுதுவது என்பது அவர் கட்சி. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டருக்கு மாரியம்மனைத் தெரியாது, வெந்த கையைத்தான் தெரியும். அவர் எழுதிவிட்டார்.

சுவாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். பாதி முடிந்த வகுப்பறையில் மேஜை போட்டோம். கமிட்டியார் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்கள். எதிரே பாய். மேஜைமேல் அவருடைய லைசென்ஸ். வாசலில் தேநீர்த் தட்டோடு அக்கா. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் செம்புக் கம்பியை மேஜைமேல் வைத்தார். இப்படிக் கட்டத் தெரிந்தவர் இங்கே லைசென்ஸ் உள்ள ஒருவராகத்தான் இருக்க முடியும், இதை இவர் செய்தாரா என்று கேள் என்றார். சொல்லிக்கொண்டே லைசென்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது போனால் பாய்க்குத் தொழில் இல்லை, ஐந்து பிள்ளைகள் வீட்டில்.

நான் பாயிடம் கேட்டேன். "இத நீங்க செஞ்சீங்களான்னு கேக்கறாரு."

பாய் என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப் பையின்மேல் இருந்தது. சனிக்கிழமை பிடுங்கிய ஃப்யூஸ் அதற்குள்தான் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாலே பாதி வழக்கு முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை.

"செஞ்சவன் வாயால சொல்லணும்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். அந்த அறையில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் நினைப்பு. ஆமாம் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அம்மன் கதையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் மனசுக்குள் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையில்லாமல் அமைத்தும் பார்த்தேன்.  அக்காவின் தட்டில் தேநீர் ஆறிவிட்டது.

கடைசியில் வாயைத் திறந்தேன். திறந்தும் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "செகிரட்டரி செய்தார் என்று இவர் சொல்கிறார், சார்." உண்மையைச் சொல்லும்போதுகூட அதை இன்னொருவர் வாயில் வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

அப்போது பாய் ஆங்கிலத்தில் பேசினார். கொச்சையான ஆங்கிலம், ஆனால் தெளிவாக இருந்தது. "நான் அப்படிச் சொல்லவில்லை, சார். அது இவரே சொல்வது. செகிரட்டரி இவர்தான்." சொல்லிவிட்டு, பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. இன்ஸ்பெக்டர் லைசென்ஸைப் பாய் பக்கம் தள்ளிவிட்டுத் தாளில் என் பெயரை எழுதிக்கொண்டார். அக்கா வந்து ஆறிப்போன தேநீரில் ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தாள். ஞாயிறுக்குப் பிறகு அவள் கையால் எனக்குக் கிடைத்த முதல் தேநீர் அது.

லௌட்டோகா கோர்ட்டில் அபராதம் கட்டினேன். செகிரட்டரி பதவி போயிற்று. சலவைக்கல்லில் பன்னிரண்டு பெயர்கள் வெட்டினார்கள், என் பெயர் இல்லை. திறப்பு விழாவன்று கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். டிணுக் டிணுக் என்று சத்தம் கேட்டது. பாய் வந்து என்னை மெயின் பலகைக்குக் கூட்டிப்போனார். பலகையின் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருந்தார். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்தான தமிழில், 'இந்த மெயினுக்குப் பொறுப்பு' என்று எழுதி, அதன் கீழே என் பெயர்.

என் பெயரையா, இத்தனைக்கும் பிறகா என்று கேட்டேன்.

"பேரு கல்லுல இருந்தா யாருக்கு என்னா? ஆபத்து கீற எடத்துலதான் இருக்கணும். மத்தவங்களுக்கு இது இன்னும் தெரியாது, தம்பி. உனக்குத் தெரியும்" என்றார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. பிறகு ஃப்யூஸை என் கையில் கொடுத்து, நீயே மாட்டு என்றார்.

பாய் மௌத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் இருந்தபோது அதை நான் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் ஏதாவது கறாராகச் சொல்லியிருப்பார்.

சென்ற மாதம் பள்ளிக்கூடத்தில் மின்விசிறி மாற்ற வேண்டும், பழைய பலகையைத் தெரிந்தவர் நீங்கள்தான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இப்போதைய செகிரட்டரி எங்கள் தலைவரின் பேரன். தமிழ் பேச வராது, ஹிந்திதான். பலகையின் கதவைத் திறப்பதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே அட்டையின்மேல் சந்தனம், குங்குமம், வாடிய செம்பருத்தி. தமிழ் எழுத்தாக இருப்பதால் ஏதோ அம்மன் மந்திரம் என்று தீமிதிக்குத் தீமிதி பூ வைக்கிறார்களாம். இது என்ன மந்திரம் என்று பயபக்தியோடு கேட்டார். குங்குமத்தை விரலால் துடைத்துவிட்டுப் படித்துக் காட்டினேன். மந்திரம் என் பெயரில் முடிந்ததும் நான் தமாஷ் செய்கிறேன் என்று சிரித்தார். பெயருக்குப் பூவும் பொட்டும் கிடைக்காதா என்று வாழ்நாள் முழுக்க ஏங்கியவன் நான். கிடைத்திருக்கிறது, படிக்கத் தெரியாதவர்கள் கையால்.

ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். மின்விசிறிக்காரர் ஏணியில் ஏறினார். முக்கால் மணி நேரம் கழித்துச் செகிரட்டரி வந்து, வேலை முடிந்தது, ஆள் இறங்கிவிட்டார், ஃப்யூஸைக் கொடுங்கள் என்று கை நீட்டினார்.

பையின்மேல் கையை வைத்துக்கொண்டேன். ஏறியவரை வரச் சொல்லுங்கள் என்றேன்.